புரொடியூசருக்கு என்ன கிரேடு?

எங்கள் வீட்டில் சம்பளம் என்பது ரகசியமே கிடையாது. அப்பா சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருடமாக ஸ்பின்னிங்கில் இருந்தார். சம்பளத் தேதியன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அடிப்படை இவ்வளவு, பஞ்சப்படி இவ்வளவு, பி.எஃப். பிடித்தது இவ்வளவு, கையில் வந்தது இவ்வளவு என்று அம்மாவிடம் ஒப்பிப்பார். அதே நேரத்தில் பக்கத்து வாசலில் பக்கத்து வீட்டுக்காரரும் ஒப்பித்துக்கொண்டிருப்பார். மில் லைன் வீடுகள், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். யாருக்கு எத்தனை வந்தது என்று தெரு முழுக்கத் தெரியும், அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. தீபாவளி நெருங்கும்போது மட்டும் பேச்சு போனஸுக்குத் தாவும். எத்தனை பர்சன்ட் என்று முடிவாகும்வரை லைனில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

அப்பாவுக்குப் பிடிபடாத ஆட்கள் சொந்தத் தொழில் செய்கிறவர்கள்தான். பட்டறைக்காரர், பாத்திரக்கடைக்காரர், மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர் என்று யாரைப் பார்த்தாலும் அக்கறையாக விசாரிப்பார்.

"எப்படிங்க போகுது தொழிலு?"

"ஏதோ ஓடுதுங்க."

எங்கள் ஊரில் தொழில் செய்கிறவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டவரும் அதையேதான் சொல்வார், இரண்டாவது லேத் வாங்கிப் போட்டவரும் அதையேதான் சொல்வார். வருமானத்தை வாய்விட்டுச் சொல்வது அழகில்லை, கண்ணும் பட்டுவிடும் என்று ஒரு வழக்கம். அப்பாவுக்கு இது துளியும் பிடிக்காது. "கேட்டா ஒரு நம்பரைச் சொல்லோணும். ஓடுதாமா, ஓடுது! என்ன, குதிரையா ஓடறதுக்கு?" என்று வீட்டுக்கு வந்து பொருமுவார்.

இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்த நான் புரொடியூசர் ஆனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கேபிள் ஒயர் தெருத்தெருவாகக் கம்பம் ஏறிக்கொண்டிருந்த சமயம். முன்பு வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் வட்டாரத்துக்குக் கேபிள் இழுத்துவிட்டு, ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் லோக்கல் சேனலும் தொடங்கியிருந்தார். தமிழ் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நான் போய் வேலை கேட்டேன். ஓனர் என் சான்றிதழ்களை மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க புரொடியூசருங்க அம்மணி" என்றார். அப்படியென்றால் என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்ததில் அவருக்கும் தெரியவில்லை.

ஒரு மாதத்தில் தெரிந்துபோயிற்று. மற்றவர்கள் செய்ய மாட்டேன் என்கிற வேலை எல்லாம் புரொடியூசர் வேலை. வாரம் ஒரு அரைமணி நேர நிகழ்ச்சி. எதைப் படம் எடுப்பது என்று நான்தான் யோசிக்க வேண்டும், போய்ப் பேச வேண்டும், எழுத வேண்டும், அதைக் கேமரா முன்னால் படிக்கிற பெண்ணுக்குப் புடவை தேட வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். பிறகு இரண்டு வி.சி.ஆர்.களை அக்கம்பக்கம் வைத்து, ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிந்து, கண் பூக்க வெட்டி ஒட்ட வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த அறையில் நான் கத்தாத நாளில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் லைனில் வாசலில் போய் நிற்பேன். எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் என் நிகழ்ச்சியின் சத்தம் ஒரே நேரத்தில் வரும். நான் எழுதிய வரிக்கு மூன்றாவது வீட்டில் யாரோ சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருக்கும். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சம்பளம் ஆயிரத்து இருநூறு என்று பேச்சு. பேச்சுதான். எங்கள் சேனலுக்கு விளம்பரம் தந்தவர்களில் பாதிப் பேர் வெட் கிரைண்டர் செய்கிறவர்கள். கோயமுத்தூரில் கல்லை விட்டெறிந்தால் கிரைண்டர் கம்பெனி மேல்தான் விழும். அவர்களிடம் கிரைண்டர் இருக்கும், காசு இருக்காது. விளம்பரத்துக்குக் கூலியாக ஓனருக்குக் கிரைண்டர் கொடுப்பார்கள். ஓனர் அதை எங்களுக்குக் கொடுப்பார். இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு கிரைண்டர் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

முதல் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கியபோது, லைனில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அதுவரை ஆட்டாங்கல்லில் கையால் ஆட்டிக்கொண்டிருந்தவள் அவள். நான்கு மாதம் கழித்து இரண்டாவது கிரைண்டர் வந்தது. அதை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அப்பா குனிந்து அதைப் பார்த்தார்.

"நானும் இத்தன வருசமா யூனியன்ல இருக்கறேன். சம்பளத்துக்குப் பதிலு கிரைண்டருன்னு எந்த செட்டில்மென்ட்லயும் படிச்சதில்ல கண்ணு" என்றார்.

அந்த ஆனி மாதக் கடைசியில் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு சேதியோடு வந்தார். அவருக்குத் தெரிந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் தமிழ் டீச்சருக்கு ஆவணியில் கல்யாணம். ஆடியோடு அந்தப் பெண் நின்றுவிடும். அந்த இடத்துக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தார். மாதம் ஆயிரத்து எண்ணூறு, ஒன்றாம் தேதி பிறந்தால் கையில் பணம், பி.எஃப். உண்டு, வருடா வருடம் ஏறும். "ஒரு டம்ளர் தண்ணியாட்டம் தெளிவான வேலைங்க மச்சான்" என்றார் மாமா. அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

நான் முடியாது என்றேன். சத்தமாகவே சொன்னேன். அம்மா கையைப் பிசைந்தாள். ஆனால் அப்பா கத்துகிற ஆள் இல்லை, பேச்சுவார்த்தைக்கு உட்காருகிற ஆள்.

"சரி. உனக்கு இப்ப என்ன குடுக்கறாங்கங்கறது எனக்குத் தெரியுது, கட்டலுக்கடியில கெடக்குது. உன்ற தொழில்ல பத்து வருசம் நின்னவிய என்ன வாங்கறாங்க? அதைக் கேட்டுட்டு வா. ஆடி முடியற வரைக்கும் டைம். மனுசன் பொழைக்கறாப்பல இருந்தா நீ இங்கயே இரு. இல்லீன்னா ஆவணி ஒண்ணாந்தேதி பள்ளிக்கோடம்."

வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அப்பா பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வேலை, சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப்., போனஸ் என்று ஐந்து பத்தி. மில்லில் துடைக்கிறவர் முதல் மேஸ்திரி வரைக்கும் இன்ன வேலைக்கு இன்ன கிரேடு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். புரொடியூசருக்கும் எங்காவது எழுதித்தான் வைத்திருப்பார்கள், இந்தப் பெண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று அவர் முழுசாக நம்பினார். காலண்டர் தாள் சமையலறைக் கதவில் ஆணியில் தொங்கியது.

முதலில் வானொலி நிலையத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் நிகழ்ச்சி தயாரிக்கும் அம்மா ஒருவர் இருந்தார். கேட்ட மாத்திரத்தில் தன் சம்பளத்தைப் பைசா சுத்தமாகச் சொன்னார். ஐயாயிரத்துச் சொச்சம். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பென்ஷன் எல்லாம் தனித்தனியாக. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தியா, கிரேடு இருக்குதல்ல! அந்த வேலைக்கு எழுதிப் போடு."

"இடம் காலியானாத்தானுங்கப்பா ஆள் எடுப்பாங்க. இப்ப வெளியாளுகளுக்கு நிகழ்ச்சிக்கு நூத்தம்பதுன்னு எப்பவாச்சும் செக் வரும். அவ்வளவுதான்."

"அந்தம்மா எப்ப ரிட்டயர் ஆகறாங்க?"

"இன்னும் பதினாறு வருசம் இருக்குதாமா."

அப்பா அதையும் காலண்டர் தாளில் ஓரமாகக் குறித்துவைத்தார்.

அடுத்து துடியலூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர். சொந்தமாக இரண்டு கேமரா, கீழே நான்கு பேர் வேலை. மாப்பிள்ளை பெண்ணை ரோஜாப்பூவுக்குள்ளும் ஹார்ட்டுக்குள்ளும் வைத்துச் சுழற்றிக் காட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காபி வாங்கிக் கொடுத்தார், கேமராவைக் காட்டினார், சந்தேகம் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மாதம் எவ்வளவுங்க நிற்கும் என்று கேட்டதும் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"ஏதோ ஓடுதுங்க அம்மணி. தையும் வைகாசியும் மூச்சு உட நேரமிருக்காது. ஆடி வந்தா கேமராவுக்குப் போர்வையப் போத்திப் படுக்க வெச்சுப்போடுவனுங்க."

அப்பாவிடம் சொன்னேன். அவர் விடவில்லை.

"நம்பர் சொல்லலீன்னா போகுது. ஊடு எப்படி?"

"மேல மாடி கட்டீட்டு இருக்கறாங்கப்பா."

"சிமென்ட் மூட்டை எத்தன கெடந்துச்சு?"

"அதை எண்ணலைங்கப்பா."

"பின்ன எதுக்கு அத்தன தூரம் போன?"

மெட்ராஸில் என் கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு டி.வி. தொடர் தயாரிப்பாளரிடம் உதவியாளாக இருந்தாள். அவளுக்கு எழுதிப் போட்டேன். பதில் இன்லண்ட் கவர் நிறைய வந்தது. டி.வி.யில் அரைமணி நேரத்தை இவர்களே காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். விளம்பரம் பிடித்தால் லாபம், பிடிக்காவிட்டால் சொந்தக் காசு. "எங்கள் சார் வீட்டைப் பேங்கில் வைத்திருக்கிறார். ஆனால் கார் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். விளம்பரப் படம் எடுக்கிறவர்கள் ஒரே நாளில் பள்ளிக்கூட டீச்சரின் ஒரு வருடச் சம்பளத்தைப் பார்த்துவிடுவார்களாம், அடுத்த படம் எப்போது வரும் என்றுதான் அவர்களுக்கே தெரியாதாம். சினிமாத் தயாரிப்பாளர்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "அதைப் பற்றி அப்பாவிடம் பேசாதே."

நான் பேசவில்லை. கடிதத்தை அப்பாவே எடுத்துப் படித்துவிட்டார். தொடர் தயாரிப்பாளருக்கு நேரே போனஸ் பத்தியில் "வீடு அடமானம்" என்று எழுதினார்.

ஆடி பாதி போய்விட்டிருந்தது. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் கதவில் தொங்கிய தாளைத்தான் பார்த்தேன். வானொலி அம்மாவைத் தவிர எல்லாருக்கும் கட்டங்கள் காலியாக இருந்தன. அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஒருவரைக்கூட அப்பாவின் கட்டத்துக்குள் உட்கார வைக்க முடியவில்லை. ஒரு நாள் அம்மாவிடம், "பள்ளிக்கோடத்துக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டு அழுதேன். அம்மா கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிக்கொண்டே, "ஆடி இன்னும் முடியலீயல்ல" என்றாள். இத்தனைக்கும் நான் டீச்சராகப் போக வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அந்தியூர் குதிரைச் சந்தை வந்தது. ஓனர் போய்ப் படம் எடுத்து வரச் சொன்னார். ஒரு ஆம்னி வேன், கேமராமேன், நிகழ்ச்சி படிக்கிற பெண், டிரைவர், நான். வயதுப் பெண்ணை அத்தனை தூரம் தனியாக அனுப்ப மனமில்லாமல் அப்பாவும் லீவு போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். கேமரா ஸ்டாண்டைக் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வழி முழுக்க உட்கார்ந்து வந்தார்.

சந்தையில் அவர் இருப்பதையே மறந்துவிட்டேன். குதிரைகளையும் காங்கேயம் காளைகளையும் விடிந்ததிலிருந்து எடுத்தோம். வெள்ளைக் குதிரை வைத்திருந்த ஒருவர் கேமராவைப் பார்த்ததும் குதிரையை நடனமாட விடாமல் தானே முன்னால் வந்து நின்றுகொண்டார். அவரைப் பக்குவமாகப் பேசி நகர்த்த அரைமணி ஆயிற்று. குதிரை ஆட ஆரம்பித்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. என் துப்பட்டாவைக் கழற்றிக் கேமரா மேல் போட்டு, தெர்மாகோல் அட்டையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க, எடுங்க எடுங்க" என்று கத்தினேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கேமராமேன் கடைசிவரை எடுத்தார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் ஒதுங்கினோம். ஓனர் கொடுத்தனுப்பிய ரூபாயில் பெட்ரோல் போக மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. கேமராமேனுக்கும் டிரைவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் அன்றைய பேட்டாவைக் கையில் கொடுத்தேன். எல்லாருக்கும் சாப்பாடு சொன்னேன். எனக்குப் பசியில்லை என்று ஒரு டீ மட்டும் வாங்கிக்கொண்டேன். அப்பா இலையிலிருந்து தலை தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த மேஜையில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர் தன் ஆட்களைச் சாப்பிடவிட்டு, தனக்கு இலை போடாமல் உட்கார்ந்திருந்தார். மழையில் மேடையெல்லாம் சேறாகி, சாயங்காலக் கச்சேரி ரத்தாகிவிட்டது. ஏற்பாடு செய்தவர்கள் பேசியதில் பாதிதான் கொடுத்தார்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. ஆனால் அவர் கீபோர்டுக்காரர், டிரம்ஸ்காரர், இரண்டு பாடகிகள், லைட் போடுகிறவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முழுசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பை காலியானதும் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கடைசி ஆளுக்குக் கொடுத்தார்.

அப்பா கை கழுவிவிட்டு நேராக அவரிடம் போனார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. அவியளுக்கெல்லாம் குடுத்துப்போட்டீங்க. உங்களுக்கு?"

அந்த மனிதர் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏதோ ஓடுதுங்க."

வழக்கம்போல அப்பா முகம் சுளிப்பார் என்று பார்த்தேன். சுளிக்கவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இவருக்கு ஒரு சாப்பாடு போடுங்க. காசு என்ற கணக்குல" என்றார். அந்த மனிதர் எத்தனை மறுத்தும் விடவில்லை.

வேன் பவானி தாண்டியதும் என் மடியில் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. தயிர்சாதம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "ஆளுக்கெல்லாம் சோறு போட்டுட்டு மொதலாளி பட்டினி கெடந்தா எப்புடி? தின்னு" என்றார். அவர் என்னை முதலாளி என்று சொன்னது காதில் விழுந்தும், பசியில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு. காலை பத்தரைக்குக் குதிரைச் சந்தை ஓடி முடிந்தது. மழையில் அந்த வெள்ளைக் குதிரை ஆடியபோது லைனில் ஒரு வீட்டில்கூடச் சத்தமில்லை. பதினோரு மணிக்கு மாமா வந்துவிட்டார், சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துக் கடிதம். கதவில் காலண்டர் தாள் பாதிக்கு மேல் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் கேஸ் தோற்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். பி.எட். சான்றிதழைக்கூட முதல் நாள் இரவே பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்.

மாமா கடிதத்தை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்தார். அடிப்படை, படி, பி.எஃப். எல்லாம் தட்டச்சில் அழகாக இருந்தது.

"நல்ல எடமுங்க மச்சான். அது சரி, அம்மணி இப்ப அங்க என்னதான் வாங்குது?" என்று கேட்டார் மாமா.

அப்பாவுக்குத் தெரியாதா? ஆயிரத்து இருநூறு. அதில் எந்த மாதம் பணமாக வந்தது, எந்த மாதம் கிரைண்டராக வந்தது என்பதுவரை தெரியும். இருபத்தாறு வருடமாக வாசலில் நின்று நம்பர் சொன்ன மனிதர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா கடிதத்தை மடித்து மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏதோ ஓடுது மாப்ள."

உள்ளே கிரைண்டர் நின்றது. மாவுக் கையோடு அம்மா கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எவ்வளவுன்னு சொல்லுங்க மச்சான்."

"அதான் சொன்னனல்ல. ஓடுது. தொழில் பண்றவியகிட்டப் போயி நம்பர் கேட்டுட்டு. காபி குடிங்க."

காபி போடுகிற சாக்கில் நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை. அம்மா அடுப்பையும் அணைத்து என் கண்ணையும் முந்தானையால் துடைத்துவிட்டாள். என் கன்னமெல்லாம் மாவு.

மாமா போனபிறகு அப்பா கதவிலிருந்த காலண்டர் தாளைக் கழற்றி நாலாக மடித்தார். அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் இருந்த கிரைண்டர் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். குனிந்த தலை நிமிராமல் அவரே பேசினார்.

"ஏ அம்மணி, அடுத்த வாட்டி உன்ற ஓனரு கிரைண்டர் குடுத்தா வாங்கீட்டு வந்துராத. ஊட்டுல எடமில்ல. மிக்ஸியாக் கேளு."